முப்பத்தெட்டு டாம்சின்கள்

கருத்துக்கேட்புக் கூட்டம் மதியம் ஒரு மணிக்கு. ரோவீனா டெக்கர் ஆறரைக்கே எழுந்து, அடுப்பில் விறகு திணித்து, காப்பி போட்டு, குடிக்க மறந்து, அதையே மூன்று தடவை சூடு பண்ணிவிட்டாள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மார்ச் பிறந்து ஒரு வாரமாகியும் குளிர் விடுகிற மாதிரி இல்லை. ஜன்னலுக்குப் போவாள், கார் இன்ஜினைச் சூடாக வைக்கும் வயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்து மேசையில் கிடக்கும் கடிதக் கோப்பைத் திறப்பாள், மூடுவாள். கார் எங்கும் போகப்போவதில்லை. கூட்டம் நடக்கும் மாநிலத் தலைநகரத்துக்குச் சாலையே கிடையாது. மாநிலக் கல்வி வாரியத்திடம் பேச நினைக்கிறவர்கள் அவரவர் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்துக்காக ரோவீனா மூன்று மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

பிர்ச் லேண்டிங்கிலும் அதைச் சுற்றிய பண்ணைகளிலும் அறுபது குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. பிள்ளைகளின் பெயர் மட்டும் ஒரு தபால்வழிப் பள்ளியில் இருக்கும். அந்தப் பள்ளி வழியாகப் பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில் புத்தகம் வாங்கலாம், பியானோ கற்றுக்கொள்ளலாம், ட்யூஷன் வைக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாரியம் ஒரு விதி போட்டது: ட்யூஷன் சொல்லிக்கொடுப்பவர் மாநில ஆசிரியர் உரிமம் பெற்றவராக இருந்தால்தான் அந்தப் பணத்திலிருந்து சம்பளம் தரலாம். இந்த வருடம் வரைக்கும் சலுகைக் காலம். வரும் கோடையோடு அது முடிகிறது.

ஓர்லா ஃபின்ஸ்டாடிடம் அந்த உரிமம் இல்லை. முப்பத்தாறு வயதுக்காரி. எண்ணெய்க் குழாய் நிலையத்தில் ரேடியோவில் உட்கார்ந்து லாரிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவள். தன் தம்பிக்கு எழுத்துகள் கூடிவராமல் போனதைப் பார்த்து, வேலையை விட்டு, மோண்டானா மாநிலத்தில் இரண்டு வருடம் தங்கி, எழுத்து வசப்படாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினாள். ரோவீனாவின் மூத்தவள் டாம்சினுக்கு இப்போது பதினொன்று. ஒன்பதாவது வயதில் அவளுக்குக் கடைப் பலகைகூடப் படிக்கத் தெரியாது. ஓர்லா வந்து பதினெட்டு மாதம் ஆகிறது. போன மாதம் ஒருநாள் டாம்சின் முயல் தீவன மூட்டையில் அச்சிட்டிருந்ததை முழுசாக, தட்டுத்தடுமாறி, யாரும் கேட்காமலேயே படித்தாள். ரோவீனா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது மோண்டானாவில் ஓர்லா படித்த இடமே அவளை வேலைக்குக் கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று புதன். விதியைத் தளர்த்தினால் இருப்பேன், இல்லாவிட்டால் போய்விடுவேன் என்று ஓர்லா வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் வயிறு இருக்கிறது, தங்கியிருக்கும் கேபினுக்கு வாடகை இருக்கிறது.

ஆகவே ரோவீனா தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கடிதம் எழுதினாள். சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவள். அங்கே கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த விதத்தை அப்படியே பிடித்துக்கொண்டவள். தேதி, பொருள், விதி எண், கோரிக்கை. நடுவில் ஒரு பத்தி, அந்த விதி ஒரு பிள்ளையை எப்படிப் பாதிக்கிறது என்று. அந்தப் பத்தியில் மாதிரிக்குத் தன் மகளின் கதையை எழுதி, அதை நீல எழுத்தில் போட்டு, மேலே குறிப்பும் எழுதினாள்: நீல எழுத்தில் இருப்பதை எடுத்துவிட்டு உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள், கையெழுத்திட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். அறுபது குடும்பங்களுக்கும் அனுப்பினாள். யார் யார் அனுப்பிவிட்டார்கள் என்று தனியாகப் பட்டியல் வைத்துக்கொண்டாள். பட்டியல் முப்பத்தெட்டுக்கு ஏறியபோது அவளுக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்ததென்றே சொல்ல வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. டுவேன் ப்ரூயிட். தபால்வழிப் பள்ளியின் சார்பில் இந்தப் பகுதிக் குடும்பங்களை மேற்பார்க்கும் ஆசிரியர், எதையும் மெதுவாகப் பேசுகிறவர். இன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"ரோவீனா, வாரியம் வந்த கடிதத்தையெல்லாம் ஒண்ணாக் கட்டி நெட்ல போட்டிருக்காங்க. பார்த்தீங்களா?"

இன்னும் இல்லை என்றாள்.

"பாருங்க. உட்கார்ந்துட்டுப் பாருங்க."

நின்றுகொண்டே பார்த்தாள். முதல் கடிதம் அவளுடையது. இரண்டாவது, ஷ்ராக் குடும்பத்தின் கடிதம். 'என் மகள் டாம்சினுக்கு ஒன்பது வயதில் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது.' மூன்றாவது, பெலென்கோ குடும்பம். என் மகள் டாம்சினுக்கு ஒன்பது வயதில். நான்காவது, ஐந்தாவது. கோதுமைப் பண்ணைக்கார பக்ஹோல்ஸுக்கு ஐந்தும் பையன்கள். அவருக்கும் ஒரு டாம்சின் இருந்தாள். ரோவீனா பக்கம் பக்கமாகத் தள்ளினாள். முப்பத்தெட்டு கடிதம், முப்பத்தெட்டு டாம்சின். ஷ்ராக் டாம்சின், பெலென்கோ டாம்சின், பக்ஹோல்ஸ் டாம்சின். எல்லாருக்கும் ஒரே தங்கை ஹேட்டி. அதோடு எல்லாரும் செய்தது ஒரே காரியம்.

அந்தக் காரியம்தான் அவளைச் சுட்டது. நீலப் பத்தியின் கடைசி இரண்டு வரியில் இருந்தது அது. போன வருடத்துக்கு முந்தின வருடம் பிள்ளைகளின் பண்ணைக் கிளப்பில் முயல் வளர்ப்புப் போட்டி. ஒவ்வொருவரும் எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்க வேண்டும். டாம்சின் வாசித்துப் பரிசும் வாங்கினாள். உண்மையில் அவள் வாசிக்கவில்லை. ஐந்து வயது ஹேட்டி இரவெல்லாம் படித்துச் சொல்ல, அதை மனப்பாடம் செய்து, காகிதத்தைக் கையில் வைத்துக் கண்ணை மேலும் கீழும் ஓட்டினாள். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் அதை அம்மாவிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அதை வாரியத்திடம் சொல்லியிருந்தாள்.

"எல்லாருக்கும் தெளிவாத்தானே எழுதினேன், டுவேன். நீல எழுத்தை எடுத்துடுங்கன்னு."

"எழுதினீங்க. சரிதான்." அவர் கொஞ்சம் இருமினார். "வாரியத்து ஆளுங்க இதைப் பார்க்காம இருக்கவும் செய்வாங்க. கட்டு பெரிசு. எண்ணிக்கையை மட்டும்தான் பார்ப்பாங்க. அது உங்களுக்கு நல்லதுதான். இருந்தாலும் சொல்லிடலாம்னு தோணிச்சு."

போனை வைத்ததும் வாரியத்தின் குமாஸ்தாவைக் கூப்பிட்டாள். மரியாதையான பெண்குரல். கடிதம் யார் கையெழுத்தோ அவருக்குத்தான் சொந்தம், அவர்தான் எழுதிக் கேட்டுத் திரும்ப வாங்க முடியும், ஒருத்தர் மற்றவருடையதைத் தொட முடியாது. மாற்றுக் கடிதம் தருவதானால் இன்று மாலை ஐந்து மணி கடைசி என்றது அந்தக் குரல். ரோவீனா அதைக் கோப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். ஐந்து மணி என்பதன் கீழே இரண்டு கோடு.

பத்து மணிக்கு ஓர்லாவின் பிக்கப் வண்டி வந்து நின்றது. டாம்சின் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இருவரும் பின்னறைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அந்தத் தட்டல் சத்தம் வந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் மேசையில் ஒரு தட்டு, பிறகு எல்லாம் சேர்த்து ஒரே இழுப்பு. அது கேட்கும்போதெல்லாம் ரோவீனாவுக்கு நெஞ்சு குளிரும். இன்று அது யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது.

கணவன் கர்டிஸ் வடக்கே எண்ணெய் வயலில் இருந்தான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் பக்ஹோல்ஸின் டாம்சினைக் கேட்டுச் சிரித்தான், பிறகு அவள் சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினான். "ரோ, நான் சொல்றதைக் கேளு. விதி வேணும்னு சொல்ற பக்கம் இருபத்தி ரெண்டு கடிதம்னு நீதானே சொன்னே? நம்ம பக்கம் முப்பத்தெட்டு. இதை நீயே போய்க் கலைச்சா, நாளன்னிக்கு ஓர்லா கிளம்பிடுவாங்க. டாம்சினுக்குத் தெரியவா போகுது? பதினொரு வயசுப் பொண்ணு வாரியத்துக் கடிதக் கட்டைத் திறந்து படிக்கப் போறாளா?"

"இப்போ படிக்கத் தெரியுமே அவளுக்கு," என்றாள் ரோவீனா.

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சாயந்தரம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். எடுத்து வைத்த மூஸ் மான் இறைச்சியைச் சூப்புக்கு வெட்டத் தொடங்கி, பாதியில் கத்தியை வைத்துவிட்டு, லியூத்மீலா பெலென்கோவைக் கூப்பிட்டாள். லியூத்மீலாவுக்கு இருப்பது ஒரே மகள், நாலு மாதக் குழந்தை. இப்போதே எதற்குக் கடிதம் என்று கேட்டதற்கு, பிள்ளை வளராதா என்று பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள்.

"அக்கா, நீங்க நீலம் நீலம்னு எழுதியிருந்தீங்க," என்றாள் லியூத்மீலா, மறுபக்கம் குழந்தை சிணுங்க. "நான் போன்லதான் திறந்தேன். எல்லாம் கறுப்பாத்தான் இருந்துது. நீலம் எதுவுமே இல்லையே, அப்போ எடுக்க வேண்டியதும் ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்."

"டாம்சின்னு ஒரு பேர் இருந்துதே, லியூதா. அதைப் பார்க்கலையா நீ?"

"பார்த்தேன். டாம்சினுக்காக எல்லாரும் எழுதறோம்னு நினைச்சேன். நம்ம பொண்ணுதானே." பிறகு கேட்டாள்: "தப்புப் பண்ணிட்டேனா?"

இல்லை என்றாள் ரோவீனா. போனை வைத்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. லியூத்மீலா தப்புப் பண்ணவில்லைதான். நீலம் நீலமாகவே தெரிந்து, எல்லாரும் ஒழுங்காக அழித்து எழுதியிருந்தாலும், அதற்கு முன்னால் அறுபது வீட்டிலும் அந்தப் பத்தியைப் படித்திருப்பார்கள். பண்ணைக் கிளப்பில் டாம்சினோடு உட்காரும் பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேரும். அவளே அனுப்பினாள். ஒரு தடவைகூட மகளிடம் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு என்றால் கேட்க வேண்டியதில்லை என்ற நினைப்பு எங்கிருந்தோ அவளுக்குள் வந்திருக்கிறது.

பதினொன்றரைக்குப் பாடம் முடிந்தது. இன்று ஓர்லா சூப்புக்கு இருந்து கூட்டத்தையும் கேட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. அவள் தானே பேச மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். தன்னை வைத்துக்கொள்ளச் சொல்லித் தானே கேட்பது அவளுக்குக் கூச்சம். நால்வரும் சாப்பிட்டார்கள். ரோவீனாவுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. உப்பு போட்டாயா என்று ஹேட்டி கேட்டாள். போட்டிருக்கவில்லை.

ஒரு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது டாம்சினையும் ஹேட்டியையும் கொட்டகைக்கு அனுப்பினாள். முயல்களின் தண்ணீர் உறைந்திருக்கும், மாற்றிவிட்டு வாருங்கள், அவசரமில்லை. டாம்சின் விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். இசை ஒன்று ஓடியது, நின்றது. தலைவர் நேரம் சொன்னார், பேசுபவர்கள் பெயர் வரிசை சொன்னார். ரோவீனா ஒன்பதாவது. முதலில் பேசியவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். பொதுப்பணத்துக்குப் பொதுக்கணக்கு வேண்டும், உரிமம் என்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஒழுங்காகவே பேசினார்கள். ஓர்லா ஜன்னலோரம் நின்று கைகட்டிக் கேட்டாள். ஏழாவதாக மெர்லின் ஷ்ராக் பேசினாள். கடிதத்தில் உள்ளதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியவளை வாரிய உறுப்பினர் ஒருவர் நிறுத்தினார். வோஸ் என்று பெயர். சலிப்பான, கெட்டிக்காரக் குரல்.

"அம்மா, ஒரு நிமிஷம். உங்க பொண்ணு பேர் என்ன?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இங்க என் முன்னாடி முப்பத்தெட்டு கடிதம் இருக்கு. ஒவ்வொரு பிள்ளையும் வேற வேற, பள்ளிக்கூடத்துல எல்லாரையும் ஒரே அச்சுல வார்க்கறாங்கன்னு இருபது வருஷமா நீங்கதான் எங்ககிட்ட சொல்றீங்க. உங்க முப்பத்தெட்டு பேருக்கும் டாம்சின்னு ஒரே பொண்ணு. ஒரே முயல் போட்டி. ஒரே தங்கச்சிதான் படிச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கா. அந்தப் பொண்ணு ரொம்ப ஓடியாடி உழைச்சிருக்கு போல."

போனுக்குள் யாரோ சிரித்தார்கள். ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர்.

ரோவீனா நிமிர்ந்தபோது டாம்சின் வாசலில் இருந்தாள். கையில் வாளி, தொப்பியில் பனி. ஹேட்டி அவள் பின்னால். எவ்வளவு கேட்டாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ரோவீனா போனின் ஒலிவாங்கியை மூடினாள்.

டாம்சின் வாளியைத் தரையில் வைத்தாள். "அது நான் உன்கிட்ட மட்டும் சொன்னது."

"ஆமா."

"முப்பத்தெட்டு பேர்."

"நடந்தது என்னன்னா, கண்ணு, நான் மாதிரிக்குத்தான்—"

"மெர்லின் ஆன்ட்டிக்குத் தெரியுமா? அவங்க பொண்ணு டெலியாவுக்கும் தெரியுமா? அன்னைக்கு ரெண்டாவது பரிசு அவளுக்குத்தான் வந்துது." டாம்சின் கத்தவில்லை. கத்தியிருந்தால் ரோவீனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ ஏம்மா என்கிட்ட கேக்கல?"

ஓர்லாவுக்காக என்று சொல்லலாம். உனக்காக என்று சொல்லலாம். இரண்டும் உண்மை, எதைச் சொன்னாலும் அவளுக்குக் கோபம்தான் வரும். ஜன்னலோரம் நின்ற ஓர்லா, "கேட்டிருக்கணும்," என்றாள், ரோவீனாவைப் பார்த்து. அவ்வளவுதான்.

டாம்சின் திரும்பிக் கொட்டகைக்கே போய்விட்டாள். கோட் பொத்தான் போடாமல். ஹேட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.

போன், எட்டாவது ஆள் முடித்துவிட்டதாகச் சொன்னது. பிறகு அவள் பெயரைச் சொன்னது. பிர்ச் லேண்டிங்கிலிருந்து ரோவீனா டெக்கர், இரண்டு நிமிடம்.

மூன்று மாதமாக எழுதித் திருத்திய தாள் மேசையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"நான்தான் டாம்சினோட அம்மா," என்றாள். "அந்தக் கடிதத்தை எழுதினது நான். அதுல ஒரு பகுதியை மாத்தச் சொல்லி அனுப்பினேன், அது அவங்களுக்குப் போன்ல தெரியல. அது அவங்க தப்பு இல்ல. ஆனா பெரிய தப்பு அது இல்ல. அந்த விஷயத்தை எழுதவே எனக்கு உரிமை கிடையாது. என் பொண்ணுகிட்ட நான் கேக்கல. உரிமம் இல்லாத ஆளு பிள்ளைங்க பக்கம் வரக்கூடாதுன்னு நீங்க விதி போட்டிருக்கீங்க. பிள்ளைங்களுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும்னு நான் சொல்ல வந்தேன். இன்னைக்கு அதை நானே பேச முடியாம போச்சு. அதனால நான் கேக்கறது வேற. என் கடிதத்தை நான் திருப்பிக்கிறேன். மத்தவங்க முப்பத்தேழு பேரையும் சாயந்தரத்துக்குள்ள கூப்பிட்டு அவங்களையும் திருப்பிக்கச் சொல்வேன். நெட்ல இருந்து அதை எடுத்துடுங்க. அதுக்கப்புறம் எங்ககிட்ட கடிதம் எத்தனை மிச்சம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமே இல்லாம போகலாம். இருந்தாலும் அந்த விதி தப்புதான். அதுக்குக் காரணத்தை மத்தவங்க அவங்க பிள்ளைங்களை வச்சுச் சொல்லட்டும், அவங்க பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டு."

இன்னும் ஐம்பது வினாடி இருக்கிறது என்றார் தலைவர். வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு பேச வேண்டியவர்களில் நாலு பேர் அழைப்பில் இல்லை. போனை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்ஹோல்ஸ் மட்டும் இருந்தார். ஐந்து பையன்களில் மூன்றாவது பையனைப் பற்றி, அவன் தச்சு வேலைக்காரரிடம் கணக்குக் கற்றுக்கொள்வதைப் பற்றி, பாதி வாக்கியம் பாதி இருமலாகச் சொல்லி முடித்தார். வோஸ் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு வாரியம் முடிவைச் சொன்னது: இப்போது எதையும் தீர்மானிப்பதற்கில்லை, இந்தக் கடிதக் கட்டை வைத்து ஓட்டெடுக்க முடியாது, கருத்துச் சொல்ல இன்னும் ஆறு வாரம், ஏப்ரல் இருபதாம் தேதி மறுபடி கூட்டம்.

ஏப்ரல் இருபது. ஓர்லாவின் பதில் வெள்ளிக்கிழமை. இரண்டும் ரோவீனாவின் மண்டைக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ஆனால் அதற்கு நேரம் இல்லை. பட்டியலை எடுத்து மேலிருந்து கூப்பிடத் தொடங்கினாள். மெர்லின் அழுதாள். சிலர் கோபப்பட்டார்கள், உன் பேச்சைக் கேட்டு மாநிலத்தின் முன்னால் கேலிப்பொருள் ஆனோம் என்றார்கள், அதையும் கேட்டுக்கொண்டாள். லியூத்மீலா குழந்தையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டே திருப்பிக்கொள்ளும் வேண்டுகோளை அடித்து அனுப்பினாள். ஐந்து மணிக்கு முப்பத்திரண்டு பேர் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஆறு பேர் கிடைக்கவில்லை. இரண்டு குடும்பம் வெயில் தேடித் தெற்கே போயிருந்தது, மற்றவர்கள் போன் எடுக்கவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்தது. எதிரே ஓர்லா இன்னும் உட்கார்ந்திருந்தாள், இந்த இரண்டு மணி நேரத்தில் அவள் சூப் கிண்ணங்களைக் கழுவி வைத்து, அடுப்புக்கு விறகும் போட்டிருந்தாள்.

"ஏப்ரல் வரைக்கும் இருப்பீங்களா?" என்று ரோவீனா கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்," என்றாள் ஓர்லா, கோட்டை எடுத்துக்கொண்டே. கடுமையாக இல்லை. "அவ வந்து கேட்டா யோசிக்கிறேன். அவளுக்கு வேணுமான்னு அவளையே முடிவு பண்ண விடுங்க. நீங்க அனுப்பி அவ வரக்கூடாது."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஓர்லா பிக்கப்பைச் சூடு பண்ண விட்டுவிட்டுக் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டினாள், வேண்டியதைவிட மெதுவாக. ரோவீனா ஜன்னலை விட்டு நகர்ந்தாள், மறுபடி வந்தாள். கொட்டகைக் கதவு திறந்தது. டாம்சின் வெளியே வந்து பிக்கப் பக்கத்தில் நின்றாள். இருவர் வாயிலும் ஆவி. என்ன பேசினார்கள் என்று வீட்டுக்குள் காதில் விழவில்லை. டாம்சின் ஒரு தடவை தலையாட்டினாள், ஒரு தடவை வீட்டைப் பார்த்தாள். பிக்கப் போனது. டாம்சின் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினாள். ரோவீனா கேட்கவில்லை. அந்த இரவும் அடுத்த நாளும் அந்தக் கேள்வி அவள் நாக்கிலேயே இருந்தது, சாப்பாட்டில் ஒரு சின்ன எலும்பு மாதிரி.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிக்கப் வந்தது. மோண்டானாவில் பேசி ஏப்ரல் கடைசி வரைக்கும் அவகாசம் வாங்கியிருப்பதாக ஓர்லா கோட்டைக் கழற்றும்போதே சொன்னாள், டாம்சினிடம், ரோவீனா அங்கே இல்லாத மாதிரி. அதற்கு மேல் எதுவும் தர முடியாது என்றும் சொன்னாள். டாம்சின் சரி என்றாள்.

பாடம் முடிந்த பிறகு ரோவீனா ஒரு தாளை எடுத்து மேசையில் டாம்சின் முன்னால் வைத்தாள். வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய புதுக் கடிதம். இந்தத் தடவை மற்றவர்களுக்கு அனுப்பியதில் தேதியும் விதி எண்ணும் மட்டும்தான் இருந்தன, நடுவில் வெற்றிடம். இது ரோவீனாவுடையது. நடுவில் டாம்சினைப் பற்றி ஐந்து வரி.

"நீ படிச்சுப் பாரு. எது வேண்டாமோ அதை எடுத்துடு. எல்லாமே வேண்டாம்னாலும் சரி."

டாம்சின் கொஞ்ச நேரம் தாளைத் தொடவே இல்லை. பிறகு விரலை முதல் வரியின் கீழே வைத்தாள். வாய் அசைந்தது. இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் வந்து நின்றாள். விரல் மேசையில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. ரோவீனா அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சொன்னால் ஒரு வினாடி. அடுப்புப் பக்கம் போய் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் இன்னொரு விறகைத் திணித்தாள். முதுகுக்குப் பின்னால் தட்டு நின்றது, மறுபடி ஆரம்பித்தது, நின்றது. அப்புறம் பென்சில் தாளில் அழுத்தி அடிக்கும் சத்தம், ஒரு வரி முழுக்க. அதன் பின் விரல் அடுத்த வரிக்குப் போனது.